மாந்தோப்புக் கொட்டகையில் ஒரு விமானம்: கிட் வாங்குவதிலிருந்து முதல் பறப்பு வரை

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோப்பில் ஒரு கொட்டகை இருக்கிறது. முன்பு சீசனில் மாங்காய்க் கூடைகளை அடுக்கி வைப்போம். இப்போது அங்கே இரண்டு இறக்கைகளும் ஒரு வால்பகுதியும், எஞ்சினுக்காகக் காத்திருக்கும் ஓர் உடற்பகுதியும் இருக்கின்றன. ஓசூர் டூல் ரூம் ஒன்றில் 26 வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். பெங்களூரு ஜக்கூரில் நண்பர் ஒருவர், பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் கிட்டை வாங்கி, தன் இரண்டு இருக்கை விமானத்தைப் பூட்டி முடித்தபோது, எஞ்சின் ஏற்றியதிலிருந்து முதல் பறப்பு வரை கூடவே நின்றேன். அங்கே பிடித்த ஆசைதான் இது.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "இது நெசமாவே பறக்குமா?" பறக்கும். உலகம் முழுவதும் வீட்டில் கட்டிய விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. வேன்ஸ் என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்தின் கிட்டுகளில் மட்டும் பதினோராயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. கட்ட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த வரிசையில், எவ்வளவு நிதானமாகக் கட்டுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காகிதம், அப்புறம்தான் பெட்டி

பணம் கட்டுவதற்கு முன்பே மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு எழுதுங்கள். என்ன கிட், என்ன எஞ்சின், எங்கே கட்டப்போகிறீர்கள், யார் மேற்பார்வை என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, எந்த வகையில் பதிவு செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மிக லேசான விமானமான மைக்ரோலைட்டாகவா, அமெச்சூர் கட்டிய விமானமாகவா என்பதைப் பொறுத்து எடை வரம்பு, சோதனை, உரிமம் எல்லாமே மாறும். 2025 ஜனவரி 1 முதல் பழைய 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எனவே பத்து வருடத்துக்கு முன் யாரோ சொன்ன வழிமுறையை நம்பாமல், இன்றைய விதியை டிஜிசிஏ தளத்திலேயே இறக்கிப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கான அனுமதியையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அது கைக்கு வராமல் பெட்டி சென்னைத் துறைமுகத்துக்கு வந்துவிட்டால், தினம் தினம் வாடகை ஏறும்.

அமோல் யாதவின் கதை இதற்குப் பாடம். மும்பை காந்திவலியில், குடியிருப்புக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டிய விமானி அவர். கிட் கூட இல்லை, சொந்த வடிவமைப்பு. 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதை நாடே பார்த்தது. பதிவு எண் கிடைத்தது 2017இல், பறக்க அனுமதி வந்தது 2019இல். அத்தனை திறமையும் பெயரும் இருந்தவருக்கே இவ்வளவு காலம் என்றால், நாம் முதல் நாளிலிருந்தே காகிதத்தை நகர்த்த வேண்டும்.

அதே சமயத்தில் பறக்கவும் கற்கத் தொடங்குங்கள். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 17 வயது, 40 மணி நேரப் பறப்பு, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். மருத்துவச் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் முடித்துவிடுங்கள். கோடி ரூபாய் போட்ட பிறகு கண்ணிலோ இதயத்திலோ தடை இருப்பது தெரிய வந்தால், அந்த வலி தாங்க முடியாதது.

எந்த கிட்

என் தேர்வு வேன்ஸின் ஆர்வி-12. காரணங்கள் நம் ஊரைச் சேர்ந்தவை. ஒன்று, தகடுகளை இணைக்கும் ஆணிகளில் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து அடிக்கும் ரிவெட். மறுபக்கம் ஆள் பிடிக்க வேண்டியதில்லை, துளைகள் தொழிற்சாலையிலேயே போட்டு வரும். இரண்டு, இறக்கைகளைக் கழற்றி மாட்டலாம். தோப்பில் கட்டியதை லாரியில் ஏற்றி ஓடுதளத்துக்குக் கொண்டுபோயாக வேண்டிய நமக்கு இது பெரிய விஷயம். மூன்று, அளவு: இறக்கை முனைக்கு முனை சுமார் 27 அடி, நீளம் 20 அடி, வெற்று எடை 340 கிலோ, ஆளும் எரிபொருளும் சேர்ந்து 600 கிலோ வரை.

குறுகிய, கரடான தளத்தில் இறங்க வேண்டும் என்பவர்கள் ஜெனித் சிஎச் 750ஐப் பார்க்கலாம். அதுவும் இழுப்பு ரிவெட்தான். வேகம் வேண்டும், சாகச உருளல் வேண்டும் என்றால் ஆர்வி-7, ஆர்வி-14. அவற்றில் அடித்துப் பரப்பும் திட ரிவெட் ஆயிரக்கணக்கில் வரும். முதல் விமானத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். எஞ்சின், கருவிப்பலகை, கப்பல், வரி எல்லாம் சேர்த்தால் ஒரு கோடிக்கு மேல் போகும். கிட்டைப் பகுதி பகுதியாக வாங்குங்கள்: முதலில் வால், அப்புறம் இறக்கை, அப்புறம் உடல். வால் கிட் முடிப்பதற்குள் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் வேன்ஸ் நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மீண்டு வந்தது, ஆனால் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு விலை ஏறியது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், பல வருட வேலைக்கான பணத்தை ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள்.

கொட்டகை

இருபதுக்கு முப்பது அடி இடம் போதும். தரை சிமெண்ட், கதவு அகலம் குறைந்தது 9 அடி. கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற எங்கள் மாவட்டங்களுக்கு ஒரு கொடுப்பினை, கடல் உப்புக் காற்று இல்லை. அலுமினியத் தகட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல் மதியம் வேலை செய்ய முடியாது. காலை ஆறிலிருந்து பத்து வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை மேசைக்கு நான் பாலிஷ் போட்ட கிரானைட் பலகை வாங்கினேன். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளில் ஓரம் உடைந்த பலகை மலிவாகக் கிடைக்கும். அதன்மேல் ரசமட்டம் வைத்துச் சமன் செய்துவிட்டால் வருடக்கணக்கில் வளையாது, மழைக்கு ஊதாது. மரப்பலகை மேசை எங்கள் ஊர் வெயிலிலும் மழையிலும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய மேசையில் கட்டிய இறக்கையும் முறுக்கியே இருக்கும். அந்த முறுக்கு, விமானம் ஒரு பக்கமாகச் சாயும்போதுதான் தெரியவரும்.

மின்சாரம்: பம்புசெட் இணைப்பில் கம்ப்ரஸரை ஓட்டாதீர்கள், அது விவசாயத்துக்குக் கொடுத்தது. தனி இணைப்பு வாங்குங்கள்.

எலி, குளவி இரண்டையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எலி திறந்த இறக்கைக்குள் கூடு கட்டும், அதன் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். குளவி, காற்றுவேகம் அளக்கும் பிட்டோ குழாய்க்குள்ளும் எரிபொருள் தொட்டியின் காற்றுத் துளைக்குள்ளும் மண் வைத்து அடைக்கும். முதலாவது நடந்தால் வேகம் தெரியாமல் பறப்பீர்கள், இரண்டாவது நடந்தால் எஞ்சினுக்கு எரிபொருள் வராமல் போகலாம். ஒவ்வொரு துளைக்கும் சிவப்புத் துணி தொங்கும் மூடி செய்து வையுங்கள்.

கருவிகள்

கம்ப்ரஸர், காற்று ட்ரில், காற்றில் இழுக்கும் ரிவெட் கருவி, துளை விளிம்பைச் சீவும் கருவி, அளவு முறுக்கு ஸ்பானர், நல்ல அரங்கள். இவற்றோடு கிளீக்கோ என்ற சிறிய ஸ்பிரிங் பிடிகள் ஐந்நூறாவது வேண்டும். ரிவெட் அடிக்கும் முன் தகடுகளைத் துளைக்குத் துளை பிடித்து வைப்பது இவைதான். வெள்ளி நிறம் 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு, செம்பு நிறம் 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு.

ட்ரில் பிட்டில் சமாளிக்காதீர்கள். விமான வேலைக்கு 30ஆம் எண், 40ஆம் எண் என்று தனி அளவு உண்டு, முறையே 3.26 மி.மீ., 2.49 மி.மீ. கடையில் கிடைக்கும் 3.2 இறுக்கமாக இருக்கும், 3.3 கொஞ்சம் தளர்ந்துவிடும். அதேபோல ஹார்டுவேர் கடை பாப் ரிவெட், சந்தை போல்ட் எதுவும் விமானத்தில் ஏறக்கூடாது. நான் இருபத்தாறு வருடம் ஓசூர் பட்டறைகளை நம்பி வாழ்ந்தவன். ஜிக், தாங்கி, ஸ்டாண்டு எல்லாம் அங்கேதான் செய்தேன். ஆனால் பறக்கும் பாகம் ஒன்றைக்கூட உள்ளூரில் செய்யவில்லை. உலோகத்தின் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அந்த உலோகம் என்னவென்று நமக்குத் தெரியாது.

பெட்டி திறக்கும் நாள்

பெட்டி வந்த நாளில் யாரையும் வேலை தொடங்க விடாதீர்கள். பட்டியலை வைத்து ஒவ்வொரு பாகத்தையும் எண்ணுங்கள், ரிவெட்டைத் தராசில் எடை போட்டு எண்ணலாம். குறை இருந்தால் குறித்த நாட்களுக்குள் எழுத வேண்டும். எனக்கு வந்த பெட்டியின் ஒரு மூலை வழியில் இடிபட்டு, உள்ளே ஒரு தகட்டில் மடிப்பு விழுந்திருந்தது. லாரி நிற்கும்போதே படம் எடுத்ததால் மாற்றுத் தகடு கேட்க முடிந்தது.

தகடுகளின் மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். கீறலிலிருந்து காப்பதற்கு அது. ஆனால் நம் வெயிலில் மாதக்கணக்கில் விட்டுவிட்டால் பசை இறுகி, அடியில் ஈரம் தங்கி அரிப்பு வரும். உடனே எடுக்கப்போகாத தகடுகளைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

தகடு வேலை

விமானத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விமானத் தகடு பெரும்பாலும் 2024-டி3 என்ற அலுமினியக் கலவை. செம்பு கலந்ததால் வலிமை அதிகம், அதே செம்பினால் அரிப்பும் எளிது. அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியம் மெல்லிய தோலாகப் பூசியிருக்கும். ஆழமாகக் கீறினால் அந்தத் தோல் போய்விடும். பென்சிலால் குறிக்காதீர்கள், அதன் கரி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். மார்க்கர் பேனா போதும்.

வரிசை இதுதான். கிளீக்கோ போட்டுப் பொருத்திப் பாருங்கள். தேவைப்படும் துளைகளை இறுதி அளவுக்குத் துளையுங்கள். முழுவதையும் பிரித்து எடுங்கள். ஒவ்வொரு துளையின் இரண்டு பக்கத்திலும் பிசிறை எடுங்கள், தகட்டின் ஓரங்களை நகத்தால் தடவினால் தட்டாத அளவுக்கு அரத்தால் வழியுங்கள். உள்பக்கம் அரிப்பைத் தடுக்கும் பிரைமர் பூச்சு அடியுங்கள். திரும்பக் கிளீக்கோ போடுங்கள். அதன் பிறகே ரிவெட்.

பிரித்து எடுப்பதும் பிசிறு எடுப்பதும் சலிப்பான வேலை, எல்லோரும் தாண்டிப் போக நினைப்பது அதைத்தான். ஆனால் தகட்டில் விரிசல் தொடங்குவது பிசிறும் கீறலும் இருக்கும் இடத்திலிருந்துதான். பறக்கும்போது ஒவ்வொரு அதிர்விலும் அது ஒரு மயிரிழை வளரும். பிசிறு எடுக்கும்போது அழுத்தவும் கூடாது. துளை அகன்று குழியாகிவிட்டால் ரிவெட்டுக்குப் பிடி குறையும். இரண்டு சுற்று, லேசாக. அவ்வளவுதான்.

இழுப்பு ரிவெட்டைச் சோதிப்பது எளிது. தலை தகட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், இடைவெளி பார்க்கும் மெல்லிய ஃபீலர் தகடு அடியில் நுழையக்கூடாது. நடுத்தண்டு சரியாக முறிந்திருக்க வேண்டும். திட ரிவெட் என்றால், அடிக்கும் முன் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். அடித்த பிறகு பரந்த தலையின் அகலம் விட்டத்தின் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 4.8 அகலம், 1.6 உயரம். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் குறைந்தது இரண்டு விட்டம் தள்ளி இருக்க வேண்டும்.

சரியில்லாத ரிவெட்டைத் துளைத்து எடுக்கலாம். ஆனால் கொஞ்சம் கோணலான ரிவெட்டைவிட, எடுக்கப்போய் அகலமாகிவிட்ட துளை மோசம். அளவுக்குள் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள், இருந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். விமானத்தில் நாலா பக்கமும் மூடிய பெட்டி போன்ற பகுதிகள் பல உண்டு: வால் இறக்கை, பக்க இறக்கை, தொட்டி. கடைசித் தகட்டை ரிவெட் அடித்து மூடிவிட்டால் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. வாலில் படுக்கையாக இருக்கும் கிடைவாலை ஒரு சனிக்கிழமை மாலை, இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று மூடிவிட்டேன். அடுத்த நாள் படங்களைப் புரட்டியபோது தகட்டை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு போன்ற ஒரு சட்டத்தின் ஓரம் பிசிறு எடுக்காமலே உள்ளே போயிருப்பது தெரிந்தது. கூட வேலை செய்யும் என் அக்கா மகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதப் பிரிச்சே ஆவணும்" என்றான். அறுபதுக்கு மேற்பட்ட ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்தோம், நான்கு நாள். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம்: மாலையில் எதையும் மூடுவதில்லை. மூடப்போகும் பெட்டியை ஓர் இரவு திறந்தே விட்டு, காலை வெளிச்சத்தில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, படம் எடுத்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே ரிவெட். இந்தப் பதிவேட்டைத்தான் நாளைக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரியும் கேட்பார். நீங்கள் கட்டியதற்கு அதுவே சாட்சி.

இறக்கை முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க லேசர் வேண்டாம். கொத்தனாரின் தூக்குக்குண்டும் நூலும் தண்ணீர்க் குழாய் மட்டமும் போதும். வேருக்கும் முனைக்கும் நான்கு குண்டு தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே கண்ணில் படும்.

தொட்டி, எரிபொருள்

தொட்டியை முடித்ததும் வாயில் ஒரு பலூன் கட்டி, மிக மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து, சீல்களில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பஞ்சர் கடையில் ட்யூபைப் பார்ப்பது போலத்தான். பலூன் ஓர் இரவு சுருங்காமல் நிற்க வேண்டும். கம்ப்ரஸரை நேராக இணைத்தால் தொட்டி உப்பிக் கெட்டுவிடும்.

எரிபொருளில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். ஆர்வி-12இல் போடும் ராட்டக்ஸ் 912 வரிசை எஞ்சின்கள் கார் பெட்ரோலில் ஓடும், ஆனால் எத்தனால் 10 சதவீதம் வரைதான் ஒப்பு. இப்போது நம் பங்குகளில் வருவது 20 சதவீதம் கலந்தது. அது ரப்பர் குழாய்களையும் சீலையும் ஊறவைக்கும், ஈரத்தை இழுக்கும். எனவே ஏவ்கேஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலை வாங்குங்கள். இந்தியன் ஆயில் 2022 முதல் குஜராத் சுத்திகரிப்பு ஆலையிலேயே அதைத் தயாரிக்கிறது. அதில் ஈயம் உண்டு, அதனால் எஞ்சின் எண்ணெயை வழக்கத்தைவிட அடிக்கடி மாற்ற வேண்டும்.

எஞ்சினும் வயரும்

அந்த வரிசையில் 912 யுஎல்எஸ் 100 குதிரைத்திறன் தரும், நிமிடத்துக்கு 5,800 சுற்று வரை ஓடும். கியர்பெட்டி அதை 2.43 மடங்கு குறைத்து விசிறிக்குக் கொடுக்கும். முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன், கையேட்டில் சொன்னபடி எண்ணெய்க் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். இதைத் தாண்டினால் புது எஞ்சின் முதல் நிமிடத்திலேயே கெடும்.

வீட்டு வயரிங் கம்பியைப் போடாதீர்கள். அதன் உறை எரிந்தால் விஷப்புகை வரும், காக்பிட்டில் அது போதும் ஆளை மயக்க. டெஃப்ஸெல் உறை போட்ட விமான வயர், வயர் முனையை இறுக்கிப் பிடிக்க ஒழுங்கான கிரிம்ப் கருவி, இவைதான் வேண்டும். எந்த நட்டையும் அளவு முறுக்கில் இறுக்கியதும் ஒரு துளி வண்ணம் வையுங்கள். அசைந்தால் கோடு உடைந்து தெரியும். சுழலும் இணைப்புகளில் நைலான் நட்டு கூடாது, தலையில் பள்ளம் வெட்டிய கோட்டை நட்டும் (castle nut), அதைக் கழலாமல் பிடிக்கும் பின்னும்தான்.

எடை போடுவது

மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு. ராயக்கோட்டை தக்காளி மண்டித் தராசே போதும், ஆனால் அந்த வருட முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, தெரிந்த எடையை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். விமானத்தை மட்டமாக நிறுத்தி, கதவை மூடி, காற்றில்லாமல் எடை போடுங்கள். ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் எடைமையம் கிடைக்கும். அது வரம்புக்கு முன்னால் போனால் மூக்கைத் தூக்குவது கஷ்டம். பின்னால் போனால், வேகம் குறைந்து தூக்குவிசை இழந்து விழும் விமானத்தை மீட்கவே முடியாமல் போகலாம். ஒருவர், இருவர், தொட்டி நிறைய, தொட்டி காலி, பை வைத்து, பை இல்லாமல் என்று எல்லாச் சேர்க்கைக்கும் கணக்குப் போட்டுப் பலகையில் ஒட்டுங்கள்.

ஓடுதளம், முதல் பறப்பு

நம் பக்கத்தில் பெயருள்ள தளம் தளி சாலையில் பெலகொண்டபள்ளியில் இருக்கிறது. தனேஜா ஏரோஸ்பேஸின் தனியார் தளம், ஓடுபாதை ஏறக்குறைய 7,000 அடி. இத்தாலிய பார்ட்டனாவியா பி68 விமானத்தை உரிமம் பெற்றுத் தயாரித்த இடம் அது. நம் மாவட்டத்திலேயே விமானம் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமை. தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறங்கினால் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். இரண்டிலும் முன் அனுமதி இல்லாமல் வண்டியைக் கூட உள்ளே விட மாட்டார்கள், கேட்பதைப் பல மாதம் முன்பே தொடங்குங்கள். தோப்பிலேயே ஒரு தடம் வெட்டி "சும்மா ஒரு அடி தூக்கிப் பார்க்கலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். சட்டமும் விடாது, பனைமரமும் விடாது.

ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. 35 டிகிரி வெயிலில் அங்கே காற்று 6,000 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்திருக்கும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் என்று எஞ்சின் சக்தி இழக்கும், 100 குதிரைத்திறன் 82க்கு வந்துவிடும். ஓட்டமும் நீளும், ஏறுவதும் மெதுவாகும். கையேட்டில் கடல்மட்டத்துக்கு எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அதனால் முதல் பறப்பு காலை ஏழு மணிக்கு முன், காற்று எழுவதற்குள்.

அதற்கு முந்தைய வாரம், மூக்கை ஏறும் கோணத்தில் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி எரிபொருள் ஓட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பம்பு வைத்த அமைப்பில் முழு வேகத்துக்குத் தேவையானதைவிட 25 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். சுக்கானும் சிறகும் சரியான பக்கம் திரும்புகின்றனவா என்று வேறொருவரை வைத்துப் பாருங்கள். கட்டியவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது.

முதல் பறப்பை நீங்களேதான் ஓட்ட வேண்டும் என்று இல்லை. அதே வகை விமானத்தில் சமீபத்தில் பறந்த விமானி கிடைத்தால் அவரிடம் கொடுங்கள். என் விமானத்தை நான் அப்படித்தான் கொடுக்கப்போகிறேன், என் மனைவியிடம் அதை இப்போதே சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும், பயணி இல்லாமல், தளத்துக்கு மேலேயே வட்டமடித்து, இருபது நிமிடம். இறங்கியதும் கைதட்டல், படம் எல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும். சூடு ஆறுவதற்குள் எஞ்சின் மூடியைக் கழற்றி, எண்ணெய்க் கசிவு, எரிபொருள் கசிவு, புகைபோக்கி விரிசல், நட்டுகளில் வைத்த வண்ணக் கோடு ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்ததைப் பதிவேட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். பிறகு பிட்டோ குழாய்க்கு மூடி போட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் பண்ணுங்கள்.